ஆனை கட்டின வளையம்

மகளின் பள்ளிப் புத்தகத்தில் இன்று ஒரு படம் பார்த்தேன். மரக்கலத்தில் ஒரு யானை நிற்கிறது. முகலாயர் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வங்காளத்துக்கு விற்ற யானை என்று மகள் வாசித்துச் சொன்னாள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்த் துறையில், கரைக் கல்லில், ஓர் இரும்பு வளையம் இருந்தது. சின்ன வயதில் நான் உள்ளே புகுந்து வெளியே வரலாம், அவ்வளவு பெரியது, வெயிலில் சுடும், துருவும் உப்பும் மணக்கும், அலை ஏறினால் கல்லில் மோதி முனகும், வள்ளம் கட்ட இவ்வளவு பெரிய வளையம் எதற்கு என்று தினமும் யோசிப்போம்.

"ஆனை கட்டினதடா" என்றான் அண்ணன்.

"புழுகன்" என்று நான்தான் அவனுக்குப் பெயர் வைத்தேன். ஊரே அப்படிக் கூப்பிட்டது. போரில் துறையும் வளையமும் போய்விட்டன. பெயர் மட்டும் லண்டன் வரை வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவனுடைய சம்பந்தியின் முன்னால் அப்படிக் கூப்பிட்டுவிட்டேன். அதோடு பேச்சு நின்றது.

இன்று, லண்டனிலேயே எட்மண்டனில் இருக்கும் அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அது ஆனை கட்டினதுதான் போலை. புத்தகத்திலை படம் கிடக்கு."



"புத்தகத்தைக் கொண்டு வா" என்றான். "சம்பந்தி இஞ்சைதான் நிக்கிறார்."