கூடத்துத் தரையின் கறுப்புக் கோடுகள்

கோட்டைக்குள் இருக்கும் எங்கள் தெருவில், கூடத்துக்கு வர்ணச் சிமெண்டு ஓடு பதித்தவன் நான் ஒருவனே. ரசாயனம் படித்துத் தேறிய பி.ஏ. பட்டதாரி. நான் ஆராய்ந்து செய்த காரியம் பிசகியதென்று சென்ற வாரம் வரை எவரும் சொன்னதில்லை. வாசகர்கள் இதை முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

வெள்ளிக்கிழமை என் பெண்ணின் நிச்சயதார்த்தம். "எங்கள் கூடத்திலேயே நடக்கட்டும்" என்று சம்பந்தியிடம் சற்றுப் பெருமையாகவே சொல்லியிருந்தேன்.

சுவருக்கு வெள்ளையடித்த பிறகுதான் தரையின் லட்சணம் தெரிந்தது. ஓடுகளுக்கு இடையே வெண்மையாக இருந்த இடுக்குகளெல்லாம் மைக்கோடுகளாகக் கறுத்துக் கிடந்தன. பழவங்காடிக் கடையில் வாங்கிய சவுக்காரம் போட்டுத் தேங்காய்நாரால் தேய்த்தும் பயனில்லை.

அந்தச் சமயத்திலா அடுத்த வீட்டு அனந்தநாராயணய்யர் வர வேண்டும்? ஓடு பதித்த நாளிலேயே, "இதெல்லாம் நிக்காது" என்றவர் அவர்.

"ஓய், அடியிலே ஈரம் ஏறியாச்சு. அத்தனையும் பெயர்க்கணுமாக்கும். நிச்சயதார்த்தத்தை எங்காத்துலே வெச்சுண்டுடும்... என் தரை வெறும் சாந்துதான், ஆனா கெட்டி!"

நான் என் மனைவி கமலத்தின் கொண்டை ஊசியை வாங்கி ஓர் இடுக்கைச் சுரண்டினேன். மேலே கறுப்பு, உள்ளே வெள்ளை. தொட்டதும் பொடிந்தது.

"பார்த்தீரா! சிமெண்டே உளுத்துப் போச்சு" என்றார்.

என் பெண்ணின் நிச்சயதார்த்தம் இந்த மனிதரின் கூடத்திலா?

அப்போது சுவரோரத்திலிருந்து ஓர் எறும்பு வந்தது. உதிர்ந்த பொடியில் ஒரு துணுக்கைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பின்னாலேயே இன்னொன்று. சிமெண்டை எறும்பு தூக்கிச் செல்லுமா?

"கமலம், வெள்ளிக்கிழமைக் கோலம் எங்கே போடறே?"

"இதென்ன கேள்வி? கூடத்துலேதான். இடுக்கைப் பிடிச்சே இழுத்தா கோடு வளையாதேன்னா. அடிக்கோல் வெச்ச மாதிரி இருக்குன்னு தெருவே சொல்றதே!"

விஷயம் விளங்கிவிட்டது. கரைத்த அரிசிமாவு வாரந்தோறும் இடுக்கில் இறங்கி, தரை துடைத்த அழுக்கோடு சேர்ந்து இறுகியிருக்கிறது. மேலும் சுரண்டினேன். ஊசி 'டக்'கென்று நின்றது. அடியில் சிமெண்டு – பதித்த நாளில் இருந்தபடியே!

அப்பாடா...

வெந்நீர் விட்டு ஊறவைத்து, அத்தனை இடுக்குகளையும் நானே சுரண்டினேன். கமலம் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இனிமேல் கோலத்தை ஓட்டின் நடுவிலே போடு."

"கோடு வளைஞ்சா என்னைச் சொல்லப்படாது."

வெள்ளிக்கிழமை கோடு வளைந்துதான் இருந்தது. சம்பந்தி பார்த்ததோ தரையை. "கண்ணாடியான்னா இருக்கு!" என்றார். தாம்பூலத் தட்டு எங்கள் கூடத்திலேயே மாறியது.

ஒன்று கெட்டுவிட்டதென்று பிறர் சொன்னால், பெயர்க்க ஆள் தேடுகிறோம். முதலில் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் என்ன?

பி.ஏ. படித்தவர் கூடமெங்கும் நாலு காலில் தவழ்ந்ததாக அனந்தநாராயணய்யர் தெருவில் சொல்லி வருகிறாராம். தவறு. மணை போட்டு உட்கார்ந்துதான் சுரண்டினேன்.