ஐந்தாவது வரி

கடைத்தெருவில் அவளைக் கண்ணாடிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை அப்பாவுடையது. அவர் போனபோது அவளுக்கு வயது இருபத்துநாலு, தம்பிக்குப் பதினொன்று. கடையை விற்றுவிட்டு ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கொள் என்று புத்தி சொல்ல வந்த சித்தப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் கண்ணைச் சோதித்தாள். "இந்தக் கண்ணாடியோட இனிமே ரோட்டைக் கடக்காதீங்க சித்தப்பா, வண்டிக்காரன் பாவம்" என்று சொல்லி, புதுக் கண்ணாடி ஒன்றை முழு விலைக்கு விற்று அனுப்பினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கடைக்குப் பின்னால் நீளமான ஓர் அறை. ஒரு கோடியில் நாற்காலி, இன்னொரு கோடியில் சுவரில் எழுத்து அட்டை, அதன் மேல் ஒரு பல்பு. நடுவில் சரியாக இருபதடி. மேலே முஷ்டி அளவுக்கு ஓர் எழுத்தில் தொடங்கி, கீழே போகப் போக எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போகும். கண் சோதனையைப் பரீட்சை என்று நினைத்துக்கொண்டு பொய் சொல்லாத மனிதர்களை அவள் பார்த்ததே இல்லை. கண்ணை இடுக்குவார்கள், கழுத்தை நீட்டுவார்கள், குத்துமதிப்பாக அடித்துவிடுவார்கள். "மார்க் போட மாட்டேன், தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க, தெரியலன்னா தெரியல" என்று அதட்டுவாள். அவளிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அட்டை செய்யும் கம்பெனி எப்போதும் இரண்டு அட்டைகளைச் சேர்த்தே அனுப்பும். அடிக்கடி வருகிறவர்களுக்கு ஒன்று மனப்பாடம் ஆகிவிட்டால் மற்றதை மாட்ட வேண்டும். இதில் அவள் கண்டிப்பானவள். "பார்வை சரி" என்று அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் எந்த ஆபீஸிலும் மறுகேள்வி கிடையாது.

அந்தக் கண்டிப்புக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. அவர் சர்வே ஆபீஸில் நில வரைபடம் வரைகிறவர்.

கடை அவள் கைக்கு வந்த வருஷமே முதல்முறையாக வந்தார். அவளைவிட நாலு வயது மூத்தவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, விரல் நுனியில் மசி. "கொஞ்சம் மங்கலா இருக்கு" என்றார். சோதித்துக் கண்ணாடி கொடுத்தாள். ஆறு மாதம் கழித்து வந்து அதையே சொன்னார். சோதித்தாள், ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த ஆறு மாதத்திலும் வந்தார். இப்படியே இருபத்திரண்டு வருஷம். மற்றவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் முடிகிற சோதனை அவருக்கு மட்டும் அரைமணி நேரம் பிடிக்கும். வட்ட வட்டமான வில்லைகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்பாள். "முன்னாடி போட்டதே தேவலை" என்பார். "இது?" "ரெண்டும் ஒண்ணுதான்." இரண்டு பேரும் பேசிக்கொண்டது மொத்தமும் இவ்வளவுதான்.

அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. சுற்றி வளைப்பானேன், உயிராக இருந்தாள். அவர் வருகிற வாரம் அறையின் திரையைத் துவைத்துப் போடுவாள். அவர் படிக்கும்போது நோட்டில் வரிக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தே இருப்பாள், நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அவரோ நாலு வரியைக் கடகடவென்று படித்துவிட்டு, ஐந்தாவது வரியின் கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்துவார். ஏன் நின்றார் என்று அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அதற்குள் படித்து முடித்துவிடுவார். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் அவருக்கு அட்டையை மாற்றவே இல்லை. புது அட்டையில் அவர் வேறு மாதிரி படித்துவிட்டால்?

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவருக்குக் கரையேற்ற மூன்று தங்கைகள், அவளுக்கு வளர்க்க ஒரு தம்பி. அதெல்லாம் முடிந்த பிறகும் ஒருமுறை வாய்ப்பு வந்தது. முறை தப்பி ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கடைசித் தங்கச்சி கல்யாணம் முடிஞ்சிருச்சு" என்றார். தெருவுக்கே பதில் சொல்கிற வாய்க்கு அன்றைக்குக் கிடைத்த பதில், "நல்லது." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து அவர், "இந்தத் திருகாணி லூசா இருக்கு போல" என்று கண்ணாடியை நீட்டினார். லூசெல்லாம் இல்லை. இருந்தாலும் முடுக்கிக் கொடுத்தாள். அன்று மாலை முழுக்க, கடையில் கண்ணாடி தேய்க்கிற பெரியவர் எந்தப் பாவமும் அறியாமல் அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அது நடந்தே ஒன்பது வருஷம் ஆகிவிட்டது.

மாடியில் குடியிருக்கும் தம்பி மனைவிக்கு எல்லாம் தெரியும். "திரை துவைச்சாச்சா அக்கா? அப்ப சர்வே ஆபீஸ் வருது" என்று சீண்டுவாள். "உன் வேலையைப் பாரும்மா" என்பாள் இவள்.

அந்த வருஷம் மழை பேய்த்தனமாகப் பெய்தது. ஓடு ஒழுகி, பழைய அட்டை ஊறிப் போயிற்று. தம்பி மனைவி அதைக் கழற்றிக் காயப்போட்டுவிட்டு, அலமாரியிலிருந்த இரண்டாவது அட்டையை மாட்டினாள். மாட்டியதைச் சொல்லவும் செய்தாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவர் வந்தார். கையில் ஆபீஸ் படிவம். வரைகிறவர்களுக்கு வருஷா வருஷம் பார்வைச் சான்று வேண்டும், அதில்லாமல் வரைபலகையைத் தொட முடியாது. போன வருஷமும் அவள்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவர் வாசல் படியைக் காலால் துழாவி ஏறியதைக் கவனித்தாள். ஈரம், வழுக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"படிங்க" என்று நோட்டைத் திறந்தாள்.

முஷ்டி அளவு முதல் எழுத்தை அவர் படித்தார். அது சுவரில் இல்லாத எழுத்து. விளையாடுகிறாரா? அவர் விளையாடி அவள் பார்த்ததில்லை. இரண்டாவது வரி, மூன்றாவது, நாலாவது, எல்லாமே மாடியில் காய்ந்துகொண்டிருந்த அட்டையின் வரிகள். ஒரு பிசகு இல்லை. ஐந்தாவது வரியில் கடைசி எழுத்துக்கு முன்னால் வழக்கம்போல நிறுத்தினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் படித்து முடித்தார்.

அவள் நோட்டை மூடினாள். எழுந்து போய்க் கடைக்கதவைச் சாத்திவிட்டு, டார்ச்சோடு வந்து அவருடைய கண்ணாடியைக் கழற்றினாள். கருவிழிக்கு நடுவில் பால் சிந்தினாற்போல வெள்ளை. இரண்டு கண்ணிலும். நன்றாக முற்றிய கண்புரை. தெருவில் போகிற யாராக இருந்தாலும் இதை வாசலிலேயே கண்டுபிடித்திருப்பாள். இவர் கண்ணில் மட்டும் அவள் டார்ச் அடித்ததில்லை, வில்லை மாற்றும்போதுகூட அந்தக் கண்ணுக்குள் நேராகப் பார்க்கத் தைரியம் வந்ததில்லை.

"சுவர்ல இருக்கிறது வேற அட்டை" என்றாள்.

அவர் முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டார். கையும் களவுமாக அகப்பட்டவரின் முகம் அல்ல அது. பாரத்தை இறக்கிவைத்தவரின் முகம்.

"எத்தனை நாளா தெரியல?"

"ரெண்டு வருஷம் இருக்கும். சைக்கிளை விட்டு ஒன்றரை வருஷம். பூதக்கண்ணாடி வச்சு, ஜன்னலோரம் உக்காந்து எப்படியோ ஓட்டினேன். போன மாசம் ஒருத்தர் வீட்டுக்கு நடுவுல எல்லைக்கோடு போட்டுட்டேன். பக்கத்து மேஜைக்காரர் பார்த்துத் திருத்திட்டார்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா டாக்டர்கிட்ட அனுப்பிடுவீங்க. அதுக்கப்புறம் நான் டாக்டரோட ஆளு. இங்க வர எனக்கு என்ன காரணம் இருக்கு?" தலையைக் குனிந்துகொண்டார். "எங்க போனாலும் தடுமாறுறேன். தப்பே இல்லாம நான் படிக்கிற இடம் இது ஒண்ணுதான்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. போன வருஷப் படிவத்தில் "பார்வை சரி" என்று எழுதிய கை இதே கைதான். அட்டையை ஒருமுறை மாற்றியிருந்தால் போதும், ஒரு வருஷத்துக்கு முன்பே பிடித்திருப்பாள். தன் ஒரு நொடி சந்தோஷத்துக்காக இந்த மனிதரை இருட்டில் விட்டிருக்கிறாள். அழுகை வந்தது. அழுதுகொண்டு நிற்கிற ரகம் இல்லை அவள்.

எழுத்தே தெரியாதவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. எவ்வளவு தூரத்தில் என்ன தெரிகிறது என்று அடி அடியாகக் கிட்ட வந்து பார்க்க வேண்டும். சுவரோரம் போய் அட்டைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"என்னைத் தெரியுதா?"

"ஆள் நிக்கிறது தெரியுது."

ஐந்தடி நடந்தாள். "முகம்?"

"இல்ல."

இன்னும் ஐந்தடி. "இப்ப?"

"இல்ல. புடவை நீலமா, பச்சையா?"

"அது கெடக்கட்டும்." மறுபடி நடந்தாள். நாற்காலிக்கு நாலடியில் நின்றாள், மூன்றடியில் நின்றாள். அவர் இல்லை இல்லை என்றே தலையசைத்தார். கடைசியில் அவருடைய முழங்கால் அவள் புடவையில் படுகிற தூரத்துக்கு வந்து, குனிந்து, முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக் கேட்டாள். "இப்ப?"

அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"தெரியுது" என்றார். "நரைச்சிருக்கு."

"எல்லாம் இந்த ரெண்டு வருஷத்துல வந்ததுதான். பார்த்திருந்தா அப்பவே சொல்லியிருப்பீங்க."

"நல்லா இருக்கு."

அவள் நிமிர்ந்து மேஜைக்குப் போனாள். படிவத்தை எடுத்தாள். "பார்வை இல்லை. அறுவைச் சிகிச்சை தேவை. சென்ற ஆண்டு நான் அளித்த சான்று தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் தன் கையெழுத்துக்கு எதிராக அவள் போட்ட முதல் கையெழுத்து அது. எழுதியதை அவருக்கு வாய்விட்டுப் படித்தும் காட்டினாள்.

"வேலை போயிடும்" என்றார்.

"போகாது. லீவு கொடுப்பாங்க. கொடுக்கலன்னா நானே வந்து உங்க அதிகாரி கண்ணைச் சோதிக்கிறேன்." பேனாவை மூடினாள். அடுத்ததைச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் "நல்லது" என்று சொன்ன அதே நாக்கு மறுபடியும் ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. அவள் விடவில்லை. "ஆபரேஷன் பண்ணினா பத்து நாள் தலையை அசைக்காம படுக்கணும். சாப்பாடு ஊட்ட ஆள் வேணும். அது நான்தான். என்ன உறவுன்னு ஆஸ்பத்திரியில கேப்பாங்க. பெண்டாட்டின்னு சொல்லப் போறேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அதனால அதுக்கு முன்னாடி பதிவு ஆபீஸ் போயிட்டு வந்துடணும். வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க. திருகாணி லூசுன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "வேண்டாம்னு யாரு சொன்னா?" என்றார்.

பதிவு ஆபீஸில் தம்பியும் கண்ணாடி தேய்க்கிற பெரியவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கிய திட்டுக்குக் காரணம் பெரியவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் ஸ்பூனால் ஊட்டினாள், தலையை அசைத்தபோதெல்லாம் அதட்டினாள். நர்ஸுகளுக்கு அவளைக் கண்டால் பயம். ஆபீஸ் மூன்று மாதம் லீவு கொடுத்தது.

ஒன்றரை மாதம் கழித்து, புதுக் கண்ணாடிக்கு அளவெடுக்க அதே நாற்காலியில் அவரை உட்காரவைத்தாள். சுவரில் இரண்டாவது அட்டைதான் இருந்தது. பழையதைத் தூக்கிப் போட்டாயிற்று. அவர் அந்தப் புது அட்டையைக் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கனமான வில்லைகளைச் சட்டத்தில் மாற்றி மாற்றிப் போட்டுப் பொருத்தினாள். நோட்டைத் திறந்தாள்.

"படிங்க."

முதல் வரி சரி. இரண்டு, மூன்று, நாலு, எல்லாமே சரி. அவள் குனிந்தபடி வரிக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தாள். ஐந்தாவது வரியில் எல்லா எழுத்தையும் படித்துவிட்டு, கடைசி எழுத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

அவள் பதறி நிமிர்ந்தாள். "ஏன், அது தெரியலையா?"

அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை. தடித்த வில்லைகளுக்குப் பின்னால் பெரிதாகத் தெரிந்த இரண்டு கண்களும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"நல்லாத் தெரியுது" என்றார். "நிறுத்தினாத்தானே நீங்க நிமிர்ந்து பார்க்கிறீங்க."

அவள் பேனாவை வைத்துவிட்டாள். நாற்பத்துநாலு தடவை அந்த ஐந்தாவது வரிக்கு நிமிர்ந்திருக்கிறாள்.

"இருபத்திரண்டு வருஷமா இந்த வேலைதானா?" என்றாள். அதட்டலாகத்தான் சொல்ல நினைத்தாள், குரல் உடைந்துவிட்டது. "சரி, கடைசி எழுத்தைப் படிங்க. நான் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."