பச்சையம்மா பார்த்த லண்டன்

எங்க ஊர்ல லண்டனப் பார்த்துட்டு வந்தவங்க ரெண்டே பேரு. ஒருத்தன் நான், ரங்கசாமி. இன்னொருத்தி என் பொஞ்சாதி பச்சையம்மா. ஒரே ஏரோப்ளேன்ல பக்கத்துப் பக்கத்து சீட்டுல குந்திக்கினு போனோம். ஆனா ரெண்டு பேரும் பார்த்தது ஒரே ஊருதானான்னு கேட்டீங்கன்னா, சத்தியமா எனுக்குத் தெரியாது.

எங்க பையன் வெற்றிச்செல்வன் நர்ஸு படிச்சவன். எங்க மலையில புதூர்நாட்டுலருந்து ஜீப்புல தொங்கிக்கினு திருப்பத்தூர் போனான், அப்புறம் வேலூரு, அப்புறம் லண்டன்ல ஒரு ஆஸ்பத்திரி. மருமவ அருணா கலசப்பாக்கத்துப் பொண்ணு. அதுக்கு அம்மா இல்ல, தலைப்பிரசவம் வேற. கூட இருந்து பார்த்துக்க ஆளு வோணும்னு ஆறு மாசத்துக்கு விசா எடுத்து எங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னான். ஆவணி மாசம் கெளம்பினோம். நிலத்துல சாமை முழங்கால் உசரத்துக்கு நின்னுது. பங்காளி கோபால்சாமிகிட்ட பார்த்துக்கடான்னு சொல்லிட்டுப் போனோம்.

போய் எறங்கின அன்னிக்கே எனுக்கு அந்த ஊரு பிடிக்கல, மறைச்சு இன்னா பண்றது. வானம் வெளக்காத அலுமினியக் குண்டான் கணக்கா இருந்துச்சு. தெருவுல எதுக்க வர்றவன் மூஞ்சியப் பார்க்க மாட்டேன்றான். எங்க பக்கம் ஒத்தையடிப் பாதையில யார் வந்தாலும் நின்னு, எந்த ஊரு, யார் வூடு, சாப்ட்டியான்னு ரெண்டு வார்த்த கேட்டுட்டுத்தான் தாண்டுவோம். கேக்காம போனா ஏதோ மனஸ்தாபம்னு அர்த்தம். அங்க நூறு பேரு தாண்டிப் போறாங்க, நூறு பேருக்கும் என் மேல மனஸ்தாபம். லீவு நாள்ல பையன் ஆத்தங்கரைக்கு இட்டுக்கினு போய் கடியார கோபுரம், அரண்மனை, பூமிக்கு அடியில ஓடுற ரயிலுன்னு எல்லாம் காட்டினான். அந்த ரயில்ல அவ்ளோ ஜனம் நெருக்கிக்கினு நிக்குது, ஒரு பேச்சு மூச்சு இல்ல. எழவு வூட்ல கூட இதவிட சத்தம் இருக்கும்டான்னேன். பையன் சிரிக்கல.

பச்சையம்மா கதை வேற. வாயிருந்தா வங்காளம் போலாம்னு சொல்வாங்க. இவளுக்கு அந்த ஊரு பாஷையில ஒரு வார்த்த வராது, அப்பவும் போனா. பத்தாம் நாளே மருமவ கொடுத்த பஸ் கார்ட கையில வெச்சுக்கினு தனியா மாடி பஸ்ஸுல ஏறிட்டா. மேல போய் முன்னாடி சீட்டுல குந்திக்கினு கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போவா, அதே பஸ்ஸுல திரும்பி வருவா. எங்கடி போனேன்னா, சும்மா போனேன்னுவா. நாப்பது வருசமா ஒரு நாளும் அவ சும்மா எங்கயும் போனது இல்ல. ஒரு நா சொன்னா, "இந்த ஊர்ல என்ன யாருக்கும் தெரியாதுய்யா." சொல்றப்போ மூஞ்சில அப்படி ஒரு சிரிப்பு. இதுல இன்னா பெருமைன்னு எரிஞ்சு விழுந்தேன். மறுநாளும் அவ பஸ்ஸு ஏறிட்டா.

எனுக்கு மூக்கு மேல கோவம் வரும், அது ஊரறிஞ்ச சங்கதி. அந்தக் கோவத்துக்கு ஒரு நா அங்க சரியான தீனி கெடச்சுது. பையன் வூட்டாண்ட ஒரு பார்க்கு. புரட்டாசி பொறந்ததும் அங்க இருக்குற பெரிய பெரிய மரத்துலருந்து முள்ளுத்தோலு வெடிச்சு, பளபளன்னு காயி கொட்டிக் கெடக்குது. ஒருத்தரும் பொறுக்கல. கடுக்காய், புளி, இலுப்பக்கொட்டைன்னு மரம் கீழ போட்டத பொறுக்கியே வயித்த வளர்த்தவங்க நாங்க. கை சும்மா இருக்குமா? ரெண்டு பை எடுத்துக்கினு போய் குனிஞ்ச தலை நிமிராம ரொப்பினேன். பச்சையம்மா அந்தாண்ட பெஞ்சுல குந்தி இருந்தா. பச்ச சட்ட போட்ட பார்க்கு ஆளு ஒருத்தன் வந்து என்னப் பார்த்து ஏதோ கேட்டான். நாயப் பிடிச்சுக்கினு வந்த ரெண்டு பொம்பளைங்க நின்னு வேடிக்க பார்த்தாங்க. பச்சையம்மா எழுந்து வந்தா. அவன் இன்னொரு வாட்டி ஏதோ சொன்னான், அந்தப் பொம்பளைங்க சிரிச்சாங்க. இவளும் கூட சேர்ந்து சிரிச்சா.

பையை அங்கயே போட்டுட்டு விறுவிறுன்னு வூட்டுக்கு வந்துட்டேன். சாயங்காலம் பையன், அது திங்க ஆவாதுப்பா, வெஷம்னு தன்மையாத்தான் சொன்னான். எனுக்கு அதெல்லாம் காதுல ஏறல. ஊரான் எதுக்க என் பொஞ்சாதி என்னப் பார்த்து சிரிச்சுட்டா, அதுதான் நெஞ்சுல நின்னுது. சாமை அறுப்புக்கு ஆளு வோணும், எனுக்கு டிக்கெட் போடுன்னேன். ஏர்போர்ட்ல பச்சையம்மா கோவமான்னு கேட்டா. சாமை கொட்டிப் போவும்னு சொல்லிட்டு உள்ள போய்ட்டேன். பேரன் பொறந்து எட்டு நாளுதான் ஆயிருந்துச்சு.

ஊருக்கு வந்தா எனுக்கு ராஜமரியாத. ஜீப் ஸ்டாண்டாண்ட ராஜாக்கண்ணு டீக்கடையில வெறும் வாய மெல்றவங்களுக்கு நான்தான் அவலு. லண்டன் எப்படின்னு ஒருத்தன் ஆரம்பிச்சா போதும், நான் பெஞ்சுல கால மடக்கிக்குவேன். அந்த ஊர்ல சூரியன் கெடையாதுன்னேன். வூட்டுக்குள்ள பூட்டிக்கினு கெடப்பாங்கன்னேன். காய் பொறுக்கினதுக்கு போலீஸு வந்து சுத்தி நின்னுதுன்னேன். அவங்க சிரிக்க சிரிக்க எனுக்கு ருசி ஏறிப் போச்சு. ஒரு நா ராஜாக்கண்ணு, அப்ப அண்ணி எப்படிண்ணா அங்க இருக்குதுன்னு கேட்டான். நான் கொஞ்சமும் யோசிக்காம, "அவ ஜன்னலாண்ட குந்திக்கினு அழுதுக்கினு கெடக்கறாடா, எப்ப என்ன இட்டுக்கினு போவேன்னு"ன்னு சொல்லிட்டேன். கடையே உச்சு கொட்டுச்சு.

வூட்டுக்கு வந்தா பேச ஒரு நாதி கெடையாது. களி கிண்டினா கட்டி கட்டியா வரும், அதையே தின்னுட்டுப் படுப்பேன். சாமை அறுத்து, அடிச்சு, மூட்ட கட்டி வூட்டுக்குள்ள வெச்சேன். புதுச்சாமைய வூட்டுப் பொம்பள குத்திப் பொங்கி சாமிக்குப் படைச்ச பிறகுதான் எங்க வூட்ல யாரும் வாயில வைக்கறது. கோபால்சாமி பொஞ்சாதி வசந்தி வந்து, நான் பொங்கிப் படைச்சுத் தர்றேன் மாமான்னுச்சு. வோணாம்மா, அவ வரட்டும்னுட்டேன். பொங்கலுக்கு ஊரு பூரா புதுச்சாமை மணக்குது, நான் ரேஷன் அரிசிய பொங்கி தின்னேன். மூட்டைய பார்க்கறப்ப எல்லாம் அவ வருவாளா மாட்டாளான்னு பயமா இருக்கும். அத யார்கிட்ட சொல்றது? டீக்கடையிலயா சொல்ல முடியும்?

எங்க ஊர்ல போனுக்கு டவரு எடுக்கறது ஏரிக்கு மேல இருக்குற பாறையில மட்டுந்தான். சாயங்காலம் மாடு ஓட்டி வந்ததும் அங்க ஏறுவேன். பச்சையம்மா பேசி அனுப்பினது எல்லாம் வரிசையா வந்து விழும். பேரன் சிரிச்சான், குப்புற விழுந்தான். பனி பேஞ்சுது, கையில பிடிச்சா கரையுது. அந்தப் பார்க்கு பெஞ்சுல ஹலீமான்னு ஒரு அக்கா தினமும் வருது, தலையில முக்காடு போட்டுக்கினு, எந்த தேசமோ தெரியல. அது பேசறது இவளுக்குப் புரியாது, இவ பேசறது அதுக்குப் புரியாது. ரெண்டு பேரும் வேர்க்கடல தின்னுக்கினு பேசிக்கினே இருக்காங்களாம். அது புருஷன் செத்தத அழுதுக்கினே சொல்லுச்சாம், அது மட்டும் இவளுக்கு முழுசா புரிஞ்சுதாம். எல்லாம் சொல்றா. ஊருக்கு வர்றேன்னு மட்டும் ஒரு வார்த்த அவ வாயில வரல. நானும் வான்னு கூப்டல. கூப்டா கொறைஞ்சா பூடுவேன்?

மார்கழியில ஒரு நா அவ பேசினதக் கேட்டு அப்படியே பாறையில குந்திட்டேன். பார்க்கு ஆள மறுபடி பார்த்தாளாம், அவன் என்னப் பத்தி விசாரிச்சானாம். "அன்னிக்கி நீ திரும்பிக்கூட பார்க்காம போய்ட்டய்யா. நீ போனதும் அவன் குனிஞ்சு ஒரு கை காய் அள்ளி உன் பையில போட்டான். சின்னப்புள்ளையில வெளையாட நானும் பொறுக்குவேன்னு கையால செஞ்சு காட்னான். நீ இருந்தப்போ அவன் சொன்னதும் அதான், அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சோம்." மூணு வாட்டி கேட்டேன். கேட்டுட்டு கீழ எறங்கி நேரா டீக்கடைக்குப் போனேன். அங்க அன்னிக்கி இன்னா சொன்னேன் தெரியுமா? அரைச்ச மாவதான் அரைச்சேன். போலீஸு வந்து சுத்தி நின்னுதுன்னேன். என்ன நானே காறித் துப்பணும்.

மாசியில விசா முடிஞ்சுது. அவ வந்தா. சென்னைக்கே போய் இட்டுக்கினு வந்தேன். கன்னம் உப்பி, ஒரு செவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கினு, பத்து வயசு கொறைஞ்சவ மாதிரி வந்தா. வழியெல்லாம் எனுக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. மறுநாளே சாமைய குத்திப் பொங்கிப் படைச்சா. ரெண்டு பேரும் எதுக்க எதுக்க குந்தி தின்னோம். என் ரோதனை அதோட தீந்துதுன்னுதான் நெனச்சேன்.

சாயங்காலம் பொம்பளைங்க வந்தாங்க. பச்சையம்மா எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்துட்டு, ஆசை ஆசையா நடுவுல குந்தி, அங்க ஒரு மாடி பஸ்ஸு இருக்குதுன்னு ஆரம்பிச்சா. வசந்தி அவ கையப் பிடிச்சுக்கினா.

"வோணாம் அக்கா, அத நெனச்சு இன்னொரு வாட்டி அழுவாத. நீ பட்ட கஷ்டத்த எல்லாம் மாமா சொல்லிட்டாரு."

பாவம், பூட்டி வெச்சுட்டாங்களாமேன்னு ஒருத்தி கண்ணத் தொடச்சா. இல்லடி, நான் நல்லாத்தான் இருந்தேன்னு பச்சையம்மா சொன்னா. மருமவள விட்டுக் கொடுக்காம பேசுது பாரு, நல்ல மனசுன்னு இன்னொருத்தி மெச்சிக்கினா. ஹலீமாவப் பத்தி எடுத்தா. பேச்சுத் தொணைக்குக் கூட பாஷ தெரியாத கெழவிதான் கெடைச்சாளான்னு அதுக்கும் உச்சு கொட்டினாங்க. பச்சையம்மா பேச்ச நிறுத்திட்டா. நிறுத்திட்டு என்னப் பார்த்தா. திட்டியிருந்தா தேவல.

நானும் சும்மா இல்ல. மறுநாள் டீக்கடைக்குப் போய், நான் சொன்னது எல்லாம் புளுகு, அவ அங்க சந்தோசமா இருந்தா, எனுக்குத்தான் அந்த ஊரு ஒத்துக்கலன்னு சொன்னேன். மானத்த வுட்டு சொன்னேன். ராஜாக்கண்ணு டீ ஆத்திக்கினே, "அண்ணி வந்து அடிச்ச அடியில அண்ணன் மாத்திப் பேசுது"ன்னான். கடையே சிரிச்சுது. அஞ்சு மாசமா நானே ஊத்தி வளர்த்த பேச்சு, ஒரு நாள்ல சாவுமா? திரும்பத் திரும்ப சொன்னேன், திரும்பத் திரும்ப சிரிச்சாங்க.

அப்புறம் யாரும் அவகிட்ட லண்டன் பேச்சே எடுக்கல. கஷ்டப்பட்டவகிட்ட எதுக்குக் கெளறணும்னு நல்ல எண்ணம். அவளும் பேசறது இல்ல. சாயங்காலம் மட்டும் தனியா பாறைக்கு ஏறுவா. ஒரு நா பின்னால போனேன். மருமவ அங்க தன்னோட போன ஹலீமா கையில கொடுத்துருந்துச்சு போல, போன்ல அந்தம்மா மூஞ்சி தெரியுது. இவ தமிழ்ல ஏதோ சொல்றா, அந்தம்மா அது பாஷையில ஏதோ சொல்லுது. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. நான் சத்தம் போடாம எறங்கி வந்துட்டேன். நாப்பது வருசத்துல என்கிட்ட அவ அப்படி சிரிச்சது இல்ல.

பங்குனியில புளி ஒலுக்கி வாசல்ல கொட்டி, ரெண்டு பேரும் எதுக்க எதுக்க குந்தி ஓடு ஒடைச்சுக்கினு இருந்தோம். ரொம்ப நாளா மனசுல வெச்சிருந்தத அன்னிக்கிக் கேட்டேன்.

"பச்ச, லண்டனப் பத்தி சொல்லேன். மொதல்லருந்து சொல்லு. நான் கேக்கறேன்."

அவ நிமிர்ந்து பார்த்தா. மூஞ்சில கோவம் ஒண்ணும் இல்ல. கையில இருந்த புளிய முறத்துல போட்டா.

"ஊருக்கெல்லாம் நீ சொல்லி முடிச்சிட்ட. இனிமே நான் இன்னாய்யா சொல்றது?"

அவ்ளோதான், அடுத்த புளிய எடுத்துக்கினா. இருட்டற வரைக்கும் ரெண்டு பேரும் ஒடைச்சோம். அவ லண்டன்ல இருந்து, நான் இங்க தனியா கெடந்த அஞ்சு மாசத்துல கூட, எங்க வூடு அன்னிக்கி மாதிரி சத்தமில்லாம இருந்தது இல்ல.