வெயிலில் நின்ற வண்டி

கம்மங்கூழ் விற்கிற பாவாத்தாளுக்கு அல்கொய்தாவைத் தெரியும். ஐ.எஸ். என்கிற கூட்டம் அந்தப் பெயருக்கு முன்னால் எந்தெந்தப் பெயரில் திரிந்தது, ஜப்பானில் ஓடுகிற ரயிலுக்குள் விஷப்புகை விட்டவர்கள் யார், எல்லாம் தெரியும். இதைச் சொன்னால் போத்தனூர்க்காரர்களே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பள்ளிக்கூடத்தில் அவள் நாலாம் வகுப்பைத் தாண்டவில்லை. இந்தப் படிப்பு, புருஷனைப் பறிகொடுத்த பிறகு, நீதிமன்றத்து மர பெஞ்சில் உட்கார்ந்து காதால் கேட்டு ஏறியது.

அவளுடைய சனம் காரமடைப் பக்கம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் பாடுபட்டவர்கள். காளிச்சாமியைக் கட்டிக்கொண்டு போத்தனூர்ப் பக்கம் வந்தாள். அவர் வாரச் சந்தையில் மூட்டை தூக்கினார். இவள் சந்தை வாசலில் தள்ளுவண்டி போட்டுக் கூழ் ஊற்றினாள். கூழைவிட அவள் வாய்தான் அங்கே பிரசித்தம். கொங்கு நாட்டில் எல்லோரும்தான் மரியாதைக்கு 'ங்க' போடுகிறோம். ஆனால் பாவாத்தாள் வண்டியை முட்ட வருகிற மாட்டைக்கூடத் தள்ளிப் போகச் சொல்லி "அக்கட்டால போங்க" என்பாள். வெங்காயக் கடைக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

கொழும்பில் ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டு வெடித்ததே, அந்த வருஷத்து வைகாசி. மண்டை பிளக்கிற வெயில். ஒரு வாலிபன் மோட்டார் பைக்கில் வந்து இறங்கினான். வண்டியின் பின்னால் ஒரு தகரப் பெட்டி. நின்றபடியே கூழ் குடித்தான். இன்னொரு மோர்மிளகாய் கேட்டு வாங்கிக் கடித்தான். பிறகு சொன்னான்.

"அக்கா, வண்டிய சித்த பாத்துக்கோங்க. இதா வந்துர்றேன்."

"போயிட்டு வாங்க கண்ணு. நான் இருக்கறனல்லொ."

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உடனே என்ன மதம், என்ன சாதி என்று தோண்ட ஆரம்பித்துவிடுவீர்கள். அப்புறம் அவன் செய்த காரியம் மறந்துபோகும், அவன் பெயரைக் கொண்ட ஊர்ப்பட்ட பேர் மாட்டிக்கொள்வார்கள். அவனை 'அந்த ஆள்' என்று வைத்துக்கொள்வோம், அவனுக்கு அது போதும்.

அந்த ஆள் வண்டியை நிறுத்திய இடம் சந்தையின் வாசல். தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் பெண்கள் முண்டியடிக்கிற இடம். போனவன் வரவில்லை. பாவாத்தாளின் கண் வண்டியின் கறுப்பு சீட்டிலேயே இருந்தது. உச்சி வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. வேறு ஊர்க்காரியாக இருந்தால், யார் வண்டியோ என்று விட்டிருப்பாள். இவளுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏனுங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "அந்தத் தம்பி வண்டி வெயில்ல காயுதுங்க. சீட்டுல உக்காந்தா பொசுங்கிப் போயிருமுங்க. அந்தப் புளியமரத்து நெழலுக்குத் தள்ளி உடுங்க."

"ஊரா ஊட்டு வண்டிக்கு நெழலு பாக்கறா பாரு," என்று சிரித்துக்கொண்டே காளிச்சாமி தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டினார். வண்டி பூட்டியிருக்கவில்லை. புளியமரம் சந்தையின் கோடியில், பழைய கருங்கல் மதிலை ஒட்டி நின்றது. அங்கே மத்தியானத்தில் ஆள் நடமாட்டம் கிடையாது. அவர் ஸ்டாண்டைப் போட்ட நேரத்தில் அந்தத் தகரப் பெட்டி வெடித்தது.

வெடியின் வேகத்தில் மிச்சத்தைப் பெருமரமும் கல்மதிலும் வாங்கிக்கொண்டன. நாலைந்து பேருக்குக் காயம். செத்தவர் காளிச்சாமி ஒருவர்தான். வண்டி வாசலிலேயே நின்றிருந்தால் எத்தனை வீட்டில் எழவு விழுந்திருக்கும் என்பதைச் சந்தை முழுக்கப் பேசியது. பேசி என்ன, பாவாத்தாளின் வீட்டில் விழுந்துவிட்டதே.

மகன் ரவிக்குமாருக்கு அப்போது இருபத்தைந்து வயது. மோட்டார் பம்ப் செய்கிற கம்பெனியில் வேலை. அப்பனைப் புதைத்துவிட்டு வந்த அன்று அம்மாவைப் பார்த்துக் கேட்டான்.

"எவனோ ஒருத்தன்ற வண்டி சுட்டா உனக்கென்ன? உன்ற மரியாதைதான் அப்பனைக் கொன்னுது."

அவன் சொன்னது அநியாயம் என்று நமக்குத் தெரிகிறது. அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் கொடுமை.

அந்த ஆளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது அவள் ஒருத்தி. விசாரணைக்காரர்கள் அவளையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். இரண்டு மாதத்தில் ஒருவனைப் பிடித்தார்கள். போத்தனூரிலேயே மெக்கானிக் கடை வைத்திருந்த ஜாபர். வெடித்த வண்டி மூன்று கை மாறியது, ஒரு கை அவனுடையது. போதாததற்கு, அவன் போனில் யாரோ அனுப்பிய இரண்டு தீவிரவாத வீடியோ இருந்தது. தொண்ணூற்றெட்டில் ஆர்.எஸ்.புரம் முதல் பல இடங்களில் குண்டு வெடித்ததைப் பார்த்த கோவை இது. அந்தப் பயம் இன்னும் ஆறவில்லை. "இவன்தான்" என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ரவிக்குமாரும் கட்டிவிட்டான்.

சிறைக்குள் அடையாள அணிவகுப்பு. நீதிபதி ஒருவர் முன்னிலையில், ஒரே வயதுக்காரர்களாகச் சிலரை வரிசையில் நிறுத்தி, சாட்சியைக் காட்டச் சொல்வார்கள். போகிற வழியில் யாரோ ஒருவர் அவள் காதோரம், "கட்டம் போட்ட சட்டைங்கம்மா" என்றார். நல்லது செய்வதாகத்தான் அவரும் நினைத்திருப்பார்.

வரிசையில் கட்டம் போட்ட சட்டை நின்றது. பாவாத்தாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். விரலை நீட்டினால் போதும். புருஷனைக் கொன்றவனைப் பிடித்துக் கொடுத்தவள் என்று ஊர் கொண்டாடும். மகன் பழையபடி அம்மா என்று கூப்பிடுவான். வீட்டில் அவன் அவளோடு பேசி வாரக்கணக்காகியிருந்தது.

"இதுல அவரு இல்லீங்க," என்றாள்.

"பயப்படாம நல்லாப் பாருங்கம்மா," என்றார் நீதிபதி.

"பயமில்லீங்க சாமி. நல்லாத்தான் பாத்துப்போட்டேன். ஆளு இல்லீங்க."

கட்டம் போட்ட சட்டைக்காரனைக் கடக்கும்போது, "கண்ணு, தண்ணி குடிங்க, மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்குது," என்றாளாம். இது ஜாபரே பிற்பாடு சொன்னது.

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்றது ஒரு வாய். வாங்கிக்கொண்டாள் என்றது இன்னொரு வாய். நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும். சந்தையில் அவள் வண்டிப் பக்கம் ஆள் வருவது நின்றது. பானையில் கூழ் அப்படியே புளித்துக் கிடக்கும். வீட்டில் பேசாமலிருந்த ரவிக்குமார் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான்.

"கேஸே போச்சு. சாட்சி இப்பிடிச் சொன்னா, நாளைக்கு நெசமான ஆளே சிக்குனாலும் எவன் நம்புவான்? அப்பனுக்கு நாயம் கெடைக்காது, நீயே கெடுத்துப்போட்டே."

இந்தச் சொல்தான் அவளை அரித்தது. ஊர் பேசியதை உதறிவிட்டாள், இதை உதற முடியவில்லை. உண்மையைச் சொல்லிப் புருஷனின் வழக்கைக் கெடுத்துவிட்டோமோ என்கிற வெசனத்தோடுதான் அந்த வருஷம் முழுக்கப் படுத்து எழுந்தாள்.

ஜாபரைச் சில மாதத்தில் விட்டுவிட்டார்கள். அடுத்த சந்தை நாளன்று அவனுடைய அம்மா பாத்திமுத்து வந்தாள். நன்றி கின்றி ஒன்றும் பேசவில்லை. ஒரு சொம்பு கூழ் வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் ஒரு காலித் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். வெயில் சாயும்வரை எழவில்லை. அடுத்த வாரமும் வந்தாள். சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். ஆள் இருக்கிற கடைக்குத்தானே ஆள் வரும், கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கினார்கள். இந்த இரண்டு பொம்பளைகளையும் நினைத்தால் இந்த ஊரில் பிறந்ததற்குப் பெருமையாக இருக்கிறது. இதைச் சொல்ல என்ன வெட்கம்?

ஒன்றரை வருஷம் கழித்து அந்த ஆள் வேறு மாநிலத்தில் பிடிபட்டான். மறுபடியும் வரிசை, மறுபடியும் ஒரே வயதுக்காரர்கள். இந்தத் தடவை யாரும் காதில் ஓதவில்லை. பாவாத்தாள் நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"இவருதானுங்க."

வழக்கு வெளியூரில் இருக்கிற தனி நீதிமன்றத்துக்கு வந்தது. சாட்சி சொல்லப் போன அன்று பாத்திமுத்து கூட வந்தாள். ரவிக்குமாரும் வந்தான், ஆனால் தள்ளிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அந்த ஆளுக்காக வாதாடியவர் வரதராஜுலு. பழுத்த வக்கீல். கெட்டவர் இல்லை, அவர் தொழிலை அவர் செய்தார்.

"நீங்க ஒரு வாய் கூழ் ஊத்துன நேரம் பாத்த முகம். ஒன்றரை வருஷம் கழிச்சுப் போலீஸ் ஒரு ஆளைக் காட்டுது. நீங்களும் ஆமாங்கறீங்க. அவங்க யாரைக் காட்டினாலும் ஆமான்னுதானே சொல்வீங்கம்மா?"

கடைசி வரிசையில் ரவிக்குமார் குனிந்துகொண்டான். பாவாத்தாள் வக்கீலைப் பார்த்துச் சொன்னாள்.

"இல்லீங்க. மொதல்ல ஒருத்தரக் காட்டுனாங்க. அவரில்லீன்னு சொன்னவ நாந்தானுங்க. அன்னிக்கு ஆமான்னு சொல்லியிருந்தா எனக்கு எல்லாமே நல்லபடியா இருந்திருக்குமுங்க. என்ற பையன் எங்கூடப் பேசியிருப்பானுங்க."

வரதராஜுலு காகிதங்களை அடுக்கினார். விடுவதாக இல்லை, இன்னொன்று கேட்டார். "உங்க வீட்டுக்காரரைக் கொன்னவர்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்கு அவருன்னு மரியாதை போடறீங்க? மனசுல சந்தேகம் இருக்கறதாலதானே?"

"அதென்னங்க, ஆளுக்குத் தக்க வாய மாத்த முடியுமுங்களா? மாட்டுக்கே போடறேனுங்க."

நீதிபதியே சிரித்துவிட்டார். அந்த ஆள் மட்டும் தலையை நிமிர்த்தவில்லை.

சாட்சி முடிந்ததும் வீட்டோடு இருந்திருக்கலாம். அவள் இருக்கவில்லை. ஒவ்வொரு விசாரணைக்கும் ரயிலேறி வந்து கடைசிவரை கேட்டாள். அந்த ஆளின் போனில் இருந்ததையெல்லாம் விளக்க ஒரு பேராசிரியர் வந்து நாள் கணக்கில் பேசினார். ஐரோப்பாவில் அரசர்கள்மேல் குண்டெறிந்த காலத்தில் ஆரம்பித்தார். விமானங்களைக் கடத்திய எழுபதுகள், ஆப்கானிஸ்தான் போருக்குப் போன வாலிபர்கள் துப்பாக்கிப் பழக்கத்தோடு ஊர் திரும்பியது, அமெரிக்காவில் உரமூட்டை ஏற்றிய லாரியை வெடிக்க வைத்த அமெரிக்கனே ஒருவன், நியூயார்க் கோபுரங்கள், நியூசிலாந்துப் பள்ளிவாசலில் தொழுதவர்களைச் சுட்டவன், கொழும்பு தேவாலயங்கள். ஒருவன் சாமி பெயரைச் சொன்னான், ஒருவன் இனத்தை, ஒருவன் நாட்டை. ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் செத்தார்கள் என்று பேராசிரியர் வாசித்தபோது, பாவாத்தாள் பக்கத்திலிருந்த பாத்திமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கெல்லாமும் ஒருத்தி கடை போட்டிருப்பா, இல்லீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். "அவ புருஷனும் கூடமாட இருந்திருப்பாரு."

அவளுடைய உலக ஞானம் அவ்வளவுதான். இந்த விஷயத்தில் தடித்தடியாகப் புத்தகம் படித்தவர்கள் உண்டு. கடைக்காரியைத் தேடிய ஆள் அவர்களில் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

போன வருஷம் தீர்ப்பு வந்தது. ஆயுள் தண்டனை. முதலில் காட்டியவரை இவர் இல்லை என்று சொன்ன சாட்சி, இவர்தான் என்று சொல்வதை நம்பாமல் இருக்கக் காரணமில்லை என்று அதில் எழுதியிருந்தது. பாவாத்தாள் நீதிமன்றத்து வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். வெடித்த நாளிலிருந்து அவள் அப்படி அழுததில்லை. ரவிக்குமார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "எந்திரி அம்மா, ரயிலுக்கு நேரமாச்சு," என்றான். கோவை வந்து சேரும்வரை அவள் பையை அவனே மடியில் வைத்திருந்தான்.

தீர்ப்பு வந்து சில வாரம் கழிந்திருக்கும். சந்தை நாள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ரவிக்குமார் அம்மாவுக்குப் பானை இறக்கித் தந்துகொண்டிருந்தான். ஒரு பையன் வண்டியில் வந்தான். பின்னால் பெட்டி. கூழ் குடித்தான். அப்புறம் கேட்டான்.

"அக்கா, வண்டி சித்த நிக்கட்டுங்க்கா, காய் வாங்கிட்டு வந்துர்றேன்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாத்திமுத்துவின் கை நின்றுவிட்டது. ரவிக்குமார் அம்மாவைப் பார்த்தான்.

"பொட்டியத் தொறந்து காட்டிப்போட்டுப் போங்க கண்ணு," என்றாள் பாவாத்தாள்.

பையன் திறந்தான். உள்ளே ஒரு டிபன் கேரியர், மழைக்கோட்டு. அவளே கிட்டப் போய், கோட்டைத் தூக்கி அடியில் பார்த்தாள். மூடினாள்.

"செரிங்க, போயிட்டு வாங்க."

அவன் போனான். உச்சி வெயில் கறுப்பு சீட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. பாவாத்தாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நிழலுக்குத் தள்ளி விடச் சொல்ல இனி அவளுக்கு வாய் வராது.

ரவிக்குமார் கையைத் துடைத்துக்கொண்டு போய் அந்த வண்டியைப் பிடித்தான். சந்தையின் கோடிவரைக்கும் உருட்டிக்கொண்டு போய், ஒரு பக்கம் கருகிப்போய் மறுபக்கம் தழைத்து நிற்கிற புளியமரத்து நிழலில் நிறுத்திவிட்டு வந்தான்.