பக்கத்து சீட்டில் யார்?

மோஸ்பேங்க் ஊரில் அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே பேச்சுதான். ரேவின் கட்டன்ஸின் சிவப்புக் காரில், முன் சீட்டில், டூகல் பிரைட் என்ன உறவு முறையில் உட்கார்ந்து போகிறார்?

பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறாள், இதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். ஆனால் ரேவினிடம் இருந்தது கட்டுப்பாடு போட்ட லைசென்ஸ். பழகுநர் லைசென்ஸுக்கும் முழு லைசென்ஸுக்கும் நடுவில் திரிசங்கு சொர்க்கம் மாதிரி ஒன்று. தனியாக ஓட்டலாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓட்டக் கூடாது. ஆள் ஏற்ற வேண்டுமானால் முழு லைசென்ஸ் உள்ள ஒருவர் மேற்பார்வையாளராகப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் இல்லாமல் ஏற்றக்கூடியவர்கள் வீட்டு மனிதர்கள் சிலர்தான். பெற்றோர், பிள்ளை, கணவன், அல்லது கணவன் மாதிரி சேர்ந்து வாழ்கிற துணை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் இது மனப்பாடம். அவர்கள் சனிக்கிழமை தோறும் இதைக் காற்றில் பறக்க விடுகிறார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். ரேவின் அப்படிச் செய்ய மாட்டாள், அதுதான் சிக்கல். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கப் பல வருஷம் 'நில்' பலகை பிடித்து நின்றவள் அவள். பால் டாங்கர் லாரியே வந்தாலும் நடுரோட்டில் நிறுத்திவிடுவாள். கடைசிப் பிள்ளையின் கால் நடைபாதையில் பட்ட பிறகுதான் பலகை இறங்கும். ஓடிக் கடந்த பிள்ளையைத் திரும்பப் போகச் சொல்லி நடந்து வரவைப்பாள்.

"ரேவின் ஏத்தறான்னா, ஏத்தலாம்னு அர்த்தம்," என்பாள் பேக்கரி பெவ். "ஏத்தலாம்னா..." அங்கே நிறுத்திவிட்டு சீஸ் ரோலுக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்துவிடுவாள். மிச்சத்தை வாடிக்கையாளர்களே முடித்துக்கொள்வார்கள்.

உண்மையில் நடந்தது இதுதான். ரேவினின் கணவர் இயன் இருந்தவரை அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அவர் போன பிறகு கார் ஷெட்டிலேயே கிடந்தது. ஊருக்கு பஸ் கிடையாது. அறுபது வயதில் எல் போர்டு மாட்டிக்கொண்டு அவள் கற்றுக்கொள்ளக் கிளம்பினாள். பக்கத்தில் உட்காரச் சம்மதித்தவர் வேலிக்கு அந்தப் பக்கத்து டூகல். வாழ்நாள் முழுக்க ஆட்டு லாரி ஓட்டியவர், கல்யாணம் ஆகாதவர், வாய் மட்டும் நீளம்.

"கிளட்ச், ரேவின், கிளட்ச்! கரப்பான் பூச்சிய மிதிக்கற மாதிரி மிதிக்காத. பின்னால ஆடுங்க நிக்குதுன்னு நெனச்சுக்க. ஒண்ணும் விழக் கூடாது."

"இந்தக் கார்ல ஒரே ஒரு ஆடுதான் இருக்கு. அதுவும் ஓயாம கத்திக்கிட்டே வருது," என்பாள் ரேவின்.

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே அவள் அடுத்த படிக்குத் தேறினாள். அதே வாரம் டூகல் வேலியோரம் நின்று, கம்பங்கள் எல்லாம் நடுவில் வளைந்து தெரிகிறதே, யார் இப்படி நட்டது என்று கேட்டார். கம்பங்கள் நேராகத்தான் இருந்தன. கண் டாக்டர் பார்த்துவிட்டு, இனி வண்டி ஓட்டாதீர்கள் என்றார். லைசென்ஸ் போயிற்று.

ரேவினுக்கு இது வேடிக்கையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. ஒருநாள் முன்புவரை அந்த சீட்டில் உட்கார்ந்தால் அவர் மேற்பார்வையாளர். இன்று உட்கார்ந்தால் ஏற்றக் கூடாத ஆள். ஒரே மனிதர், ஒரே சீட், ஒரே வாய்.

கண்ணுக்கு மாதாமாதம் இன்வர்கார்கில் நகர ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நோயாளிகளை ஏற்றிப் போகும் வேன் ஒன்று இருந்தது. அதன் ஓட்டுநர் இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டு படுத்துவிட்டார். டூகல் ஒரு ஊசியைத் தவறவிட்டார். அடுத்ததும் தவறினால், நடுப்பார்வை போனது போனதுதான் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

"இப்பவே உன் காது தெரியுது, மூக்கு தெரியல," என்றார் டூகல், ரேவினின் சமையலறையில் உட்கார்ந்து. "நான் பின் சீட்டுல படுத்துக்கறேன். நாய்ப் போர்வைய மேல போட்டுடு. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நீ ஒருத்தி."

"மீற மாட்டேன், டூகல். வேற வழி பாக்கலாம். நீங்க எனக்கு அப்பாவா?"

"உனக்கு மூணு வயசுதான் மூத்தவன், மரியாதையாப் பேசு."

"பிள்ளையும் இல்ல. அப்ப மிச்சம் ஒண்ணுதான் இருக்கு."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குக் காது மடல் சுட்டது. கெட்டில் கொதித்து அடங்கியது. டூகல் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலமே ரேவின் லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். கணவன் மாதிரி என்றால் என்ன? ஒரே கூரையா? ஒரே அடுப்பா? யார் பாத்திரம் கழுவ வேண்டும் என்று ஏதாவது உண்டா? போனில் இருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது உங்க ரெண்டு பேருக்குத்தாங்க தெரியும்," என்றாள்.

மறுநாள் காலை அவள் தள்ளுவண்டியோடு வேலியைச் சுற்றிக்கொண்டு போனாள். "கூரையில இருந்து ஆரம்பிப்போம். உங்க சாமான எடுங்க."

டூகல் அவளை வெகுநேரம் பார்த்தார். மூக்கு தெரியாத இடத்தில் என்ன தெரிந்ததோ. பிறகு உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியை இழுத்து வந்தார். பின் அறையில் கட்டில் போட்டாயிற்று. பாத்திரம் அவர் கழுவினார், பாதி அழுக்கோடு. ராத்திரி மழை பெய்தாலும் அறைக்கதவு வழியே அவர் குறட்டை கேட்டது. வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும் சத்தம் தனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறதே என்று ரேவினுக்கு ஆச்சரியம். ஆனால் இது போதுமா? இவர் இப்போது யார்? தினமும் டீயை நீட்டும்போது கேட்க நினைத்தாள். வாய் வரவில்லை. நடுரோட்டில் லாரியை நிறுத்துகிறவளுக்கு இதைக் கேட்கத் தைரியம் இல்லை. ஊசி நாள் நெருங்கவும், பதில் தெரியாமலேயே காரை எடுத்தாள்.

ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் போலீஸ் கார் நின்றது. எல்லா வண்டிகளையும் நிறுத்தி ஊதச் சொல்லிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் அனாரு, ஒரு காலத்தில் ஓடிக் கடந்ததற்காக ரேவின் திருப்பி அனுப்பிய பிள்ளை.

"மிஸஸ் கட்டன்ஸ், ஊதுங்க. லைசென்ஸ் பாக்கலாமா?" வாங்கிப் பார்த்தவன் தலையைச் சொறிந்தான். குனிந்து டூகலைப் பார்த்தான். "தப்பா நினைக்காதீங்க. கேக்காம விட்டா நீங்களே என்னை விடமாட்டீங்க. டூகல் உங்களுக்கு... துணைங்களா?"

ஆமாம் என்றால் முடிந்தது. இல்லை என்றால் கார் இங்கேயே திரும்ப வேண்டும், ஊசி போய்விடும், அவர் கண் போய்விடும். ரேவினின் நாக்கு நுனியில் ஆமாம் இருந்தது. அது உண்மைதானா என்று அவளுக்குத் தெரியாது. அதுதான் அவளை அழவைத்தது.

"என் வீட்டுல இருக்காரு," என்றாள். "பின் ரூம்ல படுக்கறாரு. பாத்திரம் கழுவறாரு, சுத்தமாக் கழுவறதில்ல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது, அனாரு. தெரிஞ்சுக்கணும்னு எனக்கும்தான் ஆசை. அவரையே கேளு."

அனாரு கேட்கவில்லை. டூகலே பேசினார், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

"அவ எல் போர்டு மாட்டினப்ப, ரெண்டு மாசத்துலயே நல்லா ஓட்ட ஆரம்பிச்சுட்டா. இன்னும் பழகணும், இன்னும் பழகணும்னு நான்தான் ஒரு வருஷம் இழுத்தேன். பக்கத்துல உக்கார எனக்கு வேற சாக்கு இல்ல." இப்போது அனாருவின் பக்கம் திரும்பினார். "கண்ணு போனா ரோடு போகும், பரவாயில்ல. ரோடு எனக்கு மனப்பாடம். இவ மூஞ்சிய நான் இன்னும் சரியாப் பாத்து முடிக்கல. இதுக்குப் பேரு துணைன்னா, எழுதிக்க தம்பி."

அனாரு எதையும் எழுதவில்லை. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தான். "பாலத்துல பனி உறைஞ்சிருக்கு. மெதுவாப் போங்க," என்றான்.

ரேவின் கியரைப் போட்டாள். கார் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது. எல் போர்டைக் கழற்றிய பிறகு இப்படி ஆனதே இல்லை. பின்னால் பால் டாங்கர் ஹாரன் அடித்தது.

"கிளட்ச்," என்றார் டூகல்.

"வாய மூடுங்க. ஒரு வருஷம்! நீங்க இப்ப மேற்பார்வையாளர் இல்ல."

"அப்ப நான் யாரு?"

"இப்பத்தானே போலீஸ்கிட்ட சொன்னீங்க," என்றாள் ரேவின். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்பினாள்.