ஒரு விசிலுக்கு நிற்காத யானை

முப்பத்து மூன்று வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே காலம் தள்ளியவர் அந்தக் கண்டக்டர். அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. பெரியவர்களுக்கு 'ரைட்டு', பொடிசுகளுக்கு 'ரைட்டு தாத்தா'. நாக்கை மடித்து அவர் ஊதினால் கேட்கிறவன் காது அடைத்துப்போகும். ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும், இரண்டு விசிலுக்குக் கிளம்பும்.

அவர் மனைவிக்கு இருந்ததெல்லாம் ஒரே மனக்குறை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு பயணத்திலாவது அந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததில்லை. கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்கு வந்ததே அவருடைய பஸ்ஸில்தான். அன்றைக்கு மாற்று ஆள் வராமல் போகவே, புதுச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு மாப்பிள்ளையே டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது அவருடைய சின்ன அத்தை, மடியில் ஒரு கோழிக்கூடையோடு.

"அந்தக் கோழி வழி நெடுக என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வந்துச்சு. இவரு ஒரு தடவை திரும்பிப் பாக்கல" என்று பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவாள்.

மகளும் மருமகனும் இரண்டு பேரையும் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய், யானைச் சவாரிக்கும் ஏற்பாடு செய்தபோது அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு பேரு உக்கார்ற பெட்டியாம். நீங்க பக்கத்துல உக்காந்தா ஏறுறேன். இல்லன்னா எனக்கு யானையும் வேணாம், பூனையும் வேணாம்."

"யானை மேல நின்னுக்கிட்டா வருவாங்க? உக்கார்றேன்டி."

"நீங்க நிப்பீங்க."

விமானத்தில்தான் பார்த்துவிட்டாளே! ஏறினவர்கள் பை வைக்க நடைபாதையில் நின்றதுதான் தாமதம், இவர் எழுந்து, "வழிய மறிக்காதீங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டார். பணிப்பெண் மூன்று தடவை தோளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

யானை முதுகு உயரத்துக்கு மரப்படி கட்டி மேடை போட்டிருந்தார்கள். மகளும் மருமகனும் முதல் யானையில் ஏறிக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த யானை வந்து நின்றது. அதன் கழுத்தில் உட்கார்ந்திருந்த பாகனுக்கு இவர்கள் பேச்சு ஒரு வார்த்தைகூடப் புரியாது. மனைவி ஏறி, ஓரமாக ஒதுங்கி, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

கண்டக்டர் முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். ஏறவேண்டியவர் ஏறியாயிற்று.

"போலாம் ரைட்!" என்று இரண்டு விசில் கொடுத்தார்.

யானை கிளம்பிவிட்டது. அவர் மேடையிலேயே நின்றார்.

பதறிப்போய், நிற்கட்டும் என்று ஒரு விசில் ஊதினார். அந்த யானைக்கு ஒன்று, இரண்டு என்ற பேதமெல்லாம் சொல்லிக்கொடுக்கவில்லை. விசில் என்றால் நட. இன்னொரு விசில் என்றால் இன்னும் வேகமாக நட. அவர் படியிறங்கி, ஒற்றை ஒற்றையாக ஊதிக்கொண்டே பின்னால் ஓட, அது காதை வீசிக்கொண்டு எட்டி நடை போட்டது. பாகன் அதட்டியது அந்த விசிலுக்கு முன்னால் எடுபடவில்லை. முதல் யானையையும் தாண்டியாயிற்று.

"அத்தை, முந்துறீங்க!" என்றான் மருமகன்.

"அம்மா, அப்பா எங்க?"

"அந்தா, பின்னாடி ஓடி வர்றாரு பாரு! ஏங்க, வாய மூடுங்க!"

மூடவில்லை. மூச்சு வாங்கியதால் விசில் தானாக நின்றது. யானையும் நின்றது. பாகன் அதை மண்டியிட வைத்து, கயிற்றைக் கொடுத்து அவரை மேலே இழுத்துப் போட்டான். ஏறியவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க."

"இருடி."

"பயமா?"

அவர் குரல் இறங்கியது. "நான் உக்காந்திருக்கிற நேரம் பாத்து யாராச்சும் விழுந்துட்டா? அத்தனை வருஷமும் அதே நெனப்புடி. உக்காரவே வரமாட்டேங்குது."

அவள் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள். இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொன்னதில்லை.

"இங்க விழுறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன். பக்கத்துல உக்காந்து புடிச்சுக்குங்க."

உட்கார்ந்தார். அவள் மணிக்கட்டை, ஓடும் பஸ்ஸின் கம்பியைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலித்தது, அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சுற்று முடிந்து மேடைக்கு வந்தபோது, அடுத்த குடும்பம் குடையும் பையுமாகக் காத்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு சுத்து" என்றாள்.

கண்டக்டர் காத்திருந்தவர்களைப் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, "பின்னாடி ஒண்ணு காலியா வருது, அதுல ஏறிக்குங்க" என்றார்.

பின்னால் வந்த யானையில் மகளும் மருமகனும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.