ஹாஜி நொஸ்ரத்தின் வீட்டைச் சுற்றிப் பார்த்தவர்கள்

ஈரானில் காஷான் ஊரில் எங்கள் எதிர்வீட்டு ஹாஜி நொஸ்ரத்துக்கு ‘வேண்டாம்’ என்ற சொல் மட்டும் வாயில் வராது. ஒட்டடைக்கோல் விற்பவன் கதவைத் தட்டினால் ஒன்று வாங்கிவிடுவார். அவர் வீட்டில் ஒட்டடையே கிடையாது. கோல்கள் ஒரு மூலை நிறைய இருக்கின்றன.

பக்கத்தில் அந்தக் காலத்து வியாபாரி ஒருவரின் மாளிகை, டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடம். வெளியூர்க்காரர்கள் கதவு மாறி ஹாஜி வீட்டுக்குள் நுழைந்துவிடுவார்கள். “அடுத்த கதவு” என்று சொல்ல வேண்டியதுதானே? அது மரியாதை இல்லையாம். உள்ளே அழைத்து முற்றத்து மீன் தொட்டியைக் காட்டுவார், மேல்காற்றை வீட்டுக்குள் இறக்கும் காற்றுக்கோபுரத்தின் கீழே நிற்க வைப்பார், தறியில் கம்பளம் நெய்யும் மகள் தூபாவையும் காட்டி, தேநீர் கொடுத்து அனுப்புவார். ஒரு நாள் அவர் சாப்பாட்டைப் படம் எடுத்தார்கள். மனிதர் படத்தில் நன்றாக விழட்டும் என்று கத்திரிக்காயைத் திருப்பி வைத்துக் கொடுத்தார்!

தூபாவைப் பெண் கேட்டு, பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பர்விஸ் பூவும் இனிப்புமாகத் தாய் அக்தரோடு வந்தான். தூபாவுக்கும் அவன்மேல் ஆசைதான். அவன் பஸ் தெருவில் திரும்பினால் தறிச் சத்தம் நின்றுவிடும். என் ரொட்டிக்கடைக்குக் காது இல்லையா என்ன?

“வாங்க, வாங்க! இதுதான் தொட்டி. இந்த மீனெல்லாம் எங்க தாத்தா வளத்த மீனோட பேரப்பசங்க” என்று ஹாஜி ஆரம்பித்தார். பெண் கேட்க வந்தவர்கள் குறுக்கே பேசலாமா? பார்த்தார்கள். கோபுரத்தின் கீழேயும் நின்றார்கள். பூங்கொத்தோடு தெருவில் வந்து நின்றபோது கதவு சாத்தியிருந்தது.

“என்னடா, மீனக் காட்டி அனுப்பிட்டாரு?” என்றாள் அக்தர்.

“அடுத்த வெள்ளிக்கிழமை கேப்போம்மா.”

அடுத்த வெள்ளிக்கிழமையும் மீன்தான். அதற்கப்புறம் அக்தர் மீன்களுக்குப் போட ரொட்டி வாங்கிக்கொண்டு போகத் தொடங்கினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஹாஜி, அவங்க பொண்ணு கேக்க வந்தவங்க. கண்ணு தெரியலையா?” என்றேன்.

“தெரியும்யா. வேண்டாம்னு சொல்ல வரல. அவ அம்மாவும் இல்ல, அவளும் போய்ட்டா எனக்கு யார் இருக்கா? அதான் சுத்திக் காட்டி அனுப்பிடறேன்.”

எனக்கு வந்த கோபத்தில் என் மனைவியிடம் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் விஷயம் தூபாவின் காதுக்குப் போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஹாஜி வழக்கம்போல் மீனில் ஆரம்பித்தபோது, தூபா தறியை விட்டு எழுந்து, வெளியே போகும்போது போர்த்தும் சாதரைப் போர்த்திக்கொண்டு, அக்தரின் பின்னால் போய் நின்றாள். பிறந்ததிலிருந்து பார்க்கும் தொட்டியை எட்டி எட்டிப் பார்த்தாள். ஹாஜி உளறிக்கொண்டே வாசல்வரை வந்துவிட்டார். அவர்களோடு அவளும் படி தாண்டினாள்.

“நீ எங்கம்மா?”

“சுத்திப் பாத்துட்டேம்பா. கிளம்பறேன்.”

தெருவே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே தறியில போய் உக்காந்துக்கறேன். அப்புறம் கேக்கவே மாட்டேன்.”

ஹாஜி வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். என் அடுப்பில் ரொட்டி கருகியது, யார் கவனித்தார்கள்? ஹாஜி பூங்கொத்து வைத்திருந்த பர்விஸின் கையைப் பிடித்தார்.

“வெயில்ல ஏன் நிக்கறீங்க, மாப்ளே” என்றார். அதற்கு மேல் முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.